நாசிலில் உம்மி

டீசல் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்ட வண்டியை நான் முதன்முதலில் பார்த்தபோது, அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது நானேதான்.

எழுபதுகளின் பின்பாதி. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஜி.என்.டி. ரோட்டோரம் இருந்த ஒரு ரைஸ் மில்லில் பிக்கப் வண்டிக்கு நான் டிரைவர். தொழிற்பேட்டைக்கென்று நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே வந்துவிட்ட ஓரிரண்டு கம்பெனிகளின் கேன்டீனுக்கும், செங்குன்றம் வழியாக மதராஸ் கடைகளுக்கும் எங்கள் மில் அரிசி அந்த வண்டியில்தான் போனது. வண்டி பிறந்தபோது பெட்ரோல் வண்டி. பெட்ரோல் விலை ஏறியதும் முதலாளி அந்த எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, எங்கிருந்தோ ஒரு பழைய டீசல் எஞ்சினை வாங்கி வைத்துவிட்டார். ஆட்டு உடம்பில் மாட்டுத் தலை. ஆனாலும் நன்றாகத்தான் ஓடிற்று. என்ன, அது போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது பாதிதான் காதில் விழும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் வண்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் டொக் டொக் என்று உள்ளே எவனோ சுத்தியால் தட்டுவதுபோல ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால், மாட்டு வண்டிக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். பிக்கப் வண்டியில் பிக்கப் இல்லை என்று மில்லில் கிண்டல் வேறு. இவையெல்லாம் போகட்டும், டீசல்தான் பிரச்சினை. முன்பு மதராஸ் போய் வந்து மறுபடி பாதி வழி போகிற அளவு டீசல், இப்போது போய் வரவே போதவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. உமியிலும் தவிட்டிலும் பிறந்து வளர்ந்தவர். ஒரு நெல்லை மோந்து பார்த்தால் அது எந்த ஊர் நெல், வாயில் போட்டுக் கடித்தால் எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். எஞ்சின் மட்டும் அவருக்குத் தெரியாத தேசம். டீசல் எங்கே போகிறது என்று ஒருநாள் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். மறுநாளும் கேட்டார். வண்டியைத்தான் கேட்க வேண்டும் என்று எரிந்து விழுந்தேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். அதற்கு மறுநாள் ஒரு பித்தளைப் பூட்டோடு வந்தார். டேங்க் மூடியில் கம்பி வளையம் பற்ற வைத்து, களத்தில் நெல் காயவைக்கிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கணக்குப்பிள்ளை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பூட்டைப் போட்டு, சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். திருடன் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

என் மனைவி அதே களத்தில்தான் நெல் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவள் ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் வாங்கிக்கொண்டு, பாட்டில் கழுத்தில் கட்டிய கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு மில்லுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குப் போக மில் கேட் வழியாக வந்தபோது, வாட்ச்மேன் டீசலோ என்று பாட்டிலை வாங்கி மோந்து பார்த்திருக்கிறான். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் கேட் வழியாகக் கிருஷ்ணாயில் கொண்டுவருவதை விட்டுவிட்டு, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

எடுக்காத டீசல் எங்கே போகிறது என்று நானும் தேட ஆரம்பித்தேன். ரோஷம் பாதி, ஆர்வம் பாதி. உண்மையைச் சொன்னால் நாளாக ஆக ஆர்வம்தான் ஜெயித்தது. ஒழுகுகிறதா என்று பார்க்க, சாயங்காலம் வண்டியை நிறுத்தும் இடத்தில் தவிட்டைப் பரப்பி அதன்மேல் நிறுத்தினேன். தவிட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் கட்டி தட்டிவிடும். காலையில் பார்த்தால் தவிடு போட்டது போட்டபடி, எலிக் காலடி மட்டும் இருந்தது. சைலன்சர் வாயில் பழைய வேட்டித் துணியைப் பிடித்தேன். கரி படிந்தது, கரியோடு பிசுக்கும் படிந்தது. அந்தப் பிசுக்கை விரலில் தேய்த்துத் தேய்த்து மோந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எரிந்துபோன பொருளுக்கு ஏது பிசுக்கு?

அடுத்து நடந்ததுதான் அதிசயம். எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஆயில், கோட்டுக்கு மேலே நின்றது. ஆயில் குறைவதை எந்த டிரைவரும் பார்த்திருப்பான். ஊற்றாமலே ஏறுவதை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. வீட்டில் சாப்பிடும்போது இதை ஒரு வேடிக்கையாக மனைவியிடம் சொன்னேன்.

"பால்ல தண்ணி ஊத்துனாதான் அளவு ஏறும். உன் ஆயில்ல இன்னாத்தயோ ஊத்தினு இருக்குது," என்றாள்.

யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன். அது எனக்கென்ன தெரியும், நீதானே டிரைவர் என்று சொல்லிவிட்டுக் குழம்பை நகர்த்தினாள். நானும் அதை அதோடு விட்டுவிட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவன் என்னைப் போலத்தான் இருந்திருப்பான்.

ஆரம்பாக்கத்தில் டீசல் பம்பு, டீசலை எஞ்சினுக்குள் விடுகிற நாசில், இவற்றின் வேலை மட்டும் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர். எப்போதும் வாயில் வெற்றிலை. தமிழைத் தெலுங்கில் தோய்த்துப் பேசுவார். எனக்கோ சொந்த ஊர் கடம்பத்தூர். தெலுங்கில் நைனாவும் டப்பும் தவிர ஒன்றும் தெரியாது. காலி வண்டியோடு அந்தப் பக்கம் போன ஒருநாள் அவரிடம் காட்டினேன்.

எஞ்சினை ஓட விடச் சொன்னார். நாலு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகிற மெல்லிய இரும்புப் பைப்புகளில் முதலாவதன் நட்டை ஸ்பேனரால் லேசாகத் தளர்த்தினார். அந்தப் பைப்பு முனையில் டீசல் கசிந்தது, எஞ்சின் தடுமாறியது. நட்டை முடுக்கினார், எஞ்சின் சரியானது. அடுத்த பைப்பைத் தளர்த்தினார். எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை, முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. மூன்றாவதில் மறுபடி தடுமாற்றம், நாலாவதில் ஒன்றுமில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வேலை செய்கிறவனை நிறுத்தினால்தான் வேலை கெடும். சும்மா இருப்பவனை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மெக்கானிக் என் காதருகே வந்து அந்த இரைச்சலில் கத்தினார்: "நாசில்ல உம்மி, நைனா. ரெண்டுலயும் உம்மி."

நாசில் மாற்ற வேண்டும், முதலாளியைக் கேட்டு வா என்றும் சொன்னார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் உமியை உம்மி என்றுதான் சொல்வோம். ரைஸ் மில்லில் வேலை செய்கிறவனுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எப்படித் தோன்றும்? தலை, காது, சட்டைப் பை, சோற்றுத் தூக்கு எல்லாவற்றிலும் உமி இருக்கும் இடம் அது. நாசிலிலும் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நேராகப் போய் முதலாளியிடம் சொன்னேன். களத்தில் எல்லாரும் இருந்தார்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். முதலாளி என்னை நிதானமாகப் பார்த்தார். உமி தானாக டேங்கில் ஏறாது. மூடி திறந்திருந்தால்தான் உள்ளே விழும். பூட்டுப் போடுவதற்கு முன்னால், உமி மேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும்போது, மூடியைத் திறந்தது யார்? எதற்குத் திறந்தான்? அவர் கேட்டது இவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? பூட்டு சந்தேகம், உமி சாட்சி. அந்தச் சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்.

இன்னொன்றும் இருந்தது. மூடியை நான் திறந்திருக்கிறேன். எடுக்க இல்லை, பார்க்க. ஒரு குச்சியை விட்டு அளவு பார்ப்பேன், சில நாள் வெறுமனே உள்ளே எட்டிப் பார்ப்பேன். உமி மேட்டுக்குப் பக்கத்தில்தான். அந்தக் காற்றில் நாலு உமி உள்ளே பறந்திருக்காது என்று என் மனசாட்சிக்கே சொல்ல முடியவில்லை.

டேங்க்கைக் கழற்றி வடிகட்டச் சொன்னார். களத்துப் பெண்கள் நெல்லை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பெரிய அண்டாவின் வாயில் வேட்டியைக் கட்டி டீசலை ஊற்றினேன். துருத்தூள் வந்தது, கொஞ்சம் தண்ணீர் வந்தது, செத்த குளவி ஒன்று வந்தது. உமி வரவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். முதலாளி அசரவில்லை.

"உம்மி நாசில்ல கீதுன்னு நீதான சொன்ன? நாளைக்கு நானும் வரேன். அவன் அதக் கழட்டட்டும். உள்ள உம்மி இருந்துச்சின்னா, வண்டி சாவிய என் கைல குட்த்துட்டு அப்டியே ஊட்டுக்குப் போய்னே இரு."

நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது? வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் டீசல் திருடி வேலை போனவன் என்றால், செங்குன்றத்திலிருந்து சூளூர்ப்பேட்டை வரை அந்த ரோட்டில் எந்த முதலாளி சாவியைக் கொடுப்பான்? என் மனைவி அந்தக் களத்தில் எப்படி நிற்பாள்? ஏரிக்கரையையே சுற்றிக்கொண்டு எத்தனை நாள் நடப்பாள்?

மறுநாள் காலை முதலாளி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். எளாவூர் தாண்டும்போது பின்கண்ணாடியில் கரும்புகையைப் பார்த்தேன். எரிகிற உமியின் புகை இப்படித்தான் இருக்குமா என்ற யோசனை வந்தது. அந்த நிலைமையிலும் எனக்கு அது தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மெக்கானிக் நாசில் நாலையும் கழற்றினார். விரல் நீளம்தான் இருக்கும், நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத துளைகள். சுவரோரம் ஒரு டெஸ்டர் இருந்தது. முள் வைத்த ஒரு மீட்டர், டீசல் ஊற்ற ஒரு சின்ன டப்பா, அழுத்த ஒரு கைப்பிடி. நன்றாக இருந்த நாசிலை முதலில் மாட்டி அழுத்தினார். கிர்ர் என்று ஒரு சத்தம். டீசல் புகையாக வந்தது. இஸ்திரி போடுகிறவர் வாயில் தண்ணீர் வைத்துச் சட்டைமேல் ஊதுவாரே, அதைவிட மென்மை. காற்றிலேயே கரைந்துவிட்டது. டீசல் எஞ்சினுக்குள் இப்படித்தான் போகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. குழாயில் தண்ணீர் வருவதுபோல வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அழுத்தச் சொல்லிக் கேட்டேன், என் தலை போகிற வேளையில்.

பிறகு கெட்ட நாசிலை மாட்டினார். முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மெக்கானிக் அழுத்தினார். கிர்ர் இல்லை. ஒரே பக்கமாகச் சர்ரென்று கோடாகப் பீய்ச்சியது, நின்ற பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சூடண்டி சாரு, உம்மி," என்று பார்க்கச் சொன்னார்.

முதலாளி மூக்கு இடிக்கிற அளவு குனிந்து பார்த்தார். எங்கே என்றார். மெக்கானிக் மறுபடி அழுத்தினார். உமியைத் தொட்டெடுக்க முதலாளி விரலை நீட்டினார். மெக்கானிக் பதறிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டார். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம், விரலையே எடுக்க வேண்டி வருமாம். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. உம்மி உம்மி என்கிறாய், ஒரு உம்மியைக்கூடக் காணோமே என்றார். கண்ணெதிரே உம்மி வருகிறது, காணோம் என்கிறாரே என்று மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? டேங்கில் விழுந்த நெல் உம்மிதானே என்று கேட்டேன்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் போய், வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைச் செவசெவ என்று மண்ணில் துப்பினார். துப்பியதைக் காட்டினார்.

"இதி உம்மி," என்றார். திரும்பி வந்து நாசில் நுனியில் தொங்கிய சொட்டைக் காட்டினார். "இதியும் உம்மி. நாசிலு ஊதணும் சாரு. இது துப்புது."

இதில் வேடிக்கை, முதலாளிக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. நெல்லூர் நெல் வியாபாரிகளோடு தெலுங்கிலேயே சண்டை போட்டு, தெலுங்கிலேயே சமாதானம் ஆகிறவர். தெலுங்கில் எச்சிலுக்கு உம்மி என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் ரைஸ் மில்காரர் காதில் உம்மி என்று விழுந்தால் உமிதான் விழும். உமி ஃபில்டரையே தாண்டாது, நாசில்வரை எப்படி வரும் என்று மெக்கானிக் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெளியே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் என் மனைவி சொன்ன பாலும் தண்ணீரும் ஞாபகம் வந்தது. ஊதாமல் துப்புகிற டீசல் முழுசாக எரியாது. எரியாதது எங்கே போகும்? பாதி பின்னால் கரும்புகையும் பிசுக்குமாகப் போகும். மீதி? ஆயில் ஊற்றாமலே ஏறுகிறது என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் வண்டிக்கு அடியில் போய், எஞ்சின் அடித் தொட்டியின் நட்டைக் கழற்றிவிட்டார். விளக்கெண்ணெய் மாதிரி மெதுவாக வடிய வேண்டிய ஆயில், நீராகாரம் மாதிரி கொடகொடவென்று கொட்டியது. முதலாளி ஒரு விரலை நனைத்து மூக்கருகே கொண்டுபோனார். நெல்லை மோந்தே ஊரைச் சொல்லுகிற மூக்கு அது. டீசல் வாசனை அதற்குத் தெரியாமல் போகுமா? எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்திருந்தது.

அவர் விரலைத் துண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாசில் முனை நாலையும் புதிதாக மாற்றிவிடச் சொன்னார். ஒவ்வொன்றையும் டெஸ்டரில் போட்டு, கிர்ர் கேட்ட பிறகுதான் மெக்கானிக் எஞ்சினில் வைத்தார். அடியில் பழைய வாசரை எடுத்துவிட்டுப் புதுச் செம்பு வாசர். இரண்டு பக்க நட்டையும் ஒரே பக்கமாக முடுக்கிவிடாமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். புது ஆயில் ஊற்றினோம். பைப்பில் புகுந்த காற்றை எடுக்க, கைப்பம்பை நான் அடித்தேன். நுரையும் குமிழியுமாக வந்த டீசல் கடைசியில் தெளிந்து வந்தது. ஸ்டார்ட் செய்தேன். ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. அந்த டொக் டொக் இல்லை. பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன், புகை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

திரும்பும்போது பங்க்கில் டீசல் போட்டோம். முதலாளி இறங்கி, அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து, பூட்டைத் திறந்தார். டீசல் போட்டு முடிந்ததும் மூடியைப் போட்டார், பூட்டைப் போடவில்லை. அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏற வந்தார். அவர் கேட்கிற மன்னிப்பு அதுதான், எனக்கு அது தெரிந்தது. ஆனால் என் மூக்கு நுனி சும்மா இருக்குமா?

"பூட்ட மறுபடியும் போடுங்க மொதலாளி," என்றேன். "களத்துல எல்லார் எதிர்லயும் போட்டீங்க. அங்கயே வந்து எல்லார் எதிர்லயும் கழட்டுங்க."

பங்க்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதே வேலை போய்விடும் என்று நினைத்தேன். போனாலும் பரவாயில்லை, இனி அது திருடியதால் போன வேலையாக இருக்காது. முதலாளி சட்டைப் பையிலிருந்து பூட்டை எடுத்தார். பிறகு பின்னால் போனார். பூட்டு கிளிக்கென்று விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

களத்தில் வண்டியை நிறுத்தியபோது வெயில் சாய்ந்திருந்தது. பெண்கள் நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். பூட்டைத் திறந்து கையில் எடுத்துக்கொண்டு, டீசலைத் திருடினவன் ஆப்ட்டுட்டான், எஞ்சினுக்குள்ளயே கீறான், ட்ரைவர் மேல தப்பு இல்ல என்று சொன்னார். அப்போ உம்மி இன்னா ஆச்சு என்று ஒரு பெண் கேட்டாள். அவர் நேராக ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். அதை விளக்க வேண்டுமானால் மண்ணில் துப்பிக் காட்ட வேண்டும். அவ்வளவு பேர் எதிரில் அவர் எப்படித் துப்புவார்? என் மனைவி குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெல் கூட்டுகிற வேகம் மட்டும் கூடியது.

அடுத்த முறை ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் ஊற்றியபோது அவள் ஏரிக்கரைப் பக்கம் போகவில்லை. கழுத்தில் கயிறு கட்டிய பாட்டிலை ஆட்டிக்கொண்டே மில் கேட்டுக்கு வந்தாள். நான் உள்ளே வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வழியை விட்டு ஒதுங்கி நின்றான். அவள் போகவில்லை. அடைத்திருந்த காகிதத்தைப் பிடுங்கிவிட்டுப் பாட்டிலை அவன் மூக்குக்கு நேராக நீட்டி, மோந்து பார்க்கச் சொன்னாள். வேணாம்மா, நீ போ என்றான். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் மோந்து பார்த்துவிட்டு, கிருஷ்ணாயிலுதான் என்றான்.

"அன்னிக்கும் கிருஷ்ணாயிலுதான்," என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மறுபடி அடைத்துக்கொண்டு அவள் உள்ளே நடந்து வந்தாள்.